தேங்காய் துள்ளாது

சுகிர்தாவைப் பற்றி இந்த ஊரில் யார் பேச்செடுத்தாலும் முதலில் தேங்காய் வரும், அதற்கப்புறம்தான் அவள் வருவாள். அதனாலேயே எனக்குத் தேங்காயைக் கண்டால் குமட்டுகிறது. அந்தமானில் இருந்துகொண்டு தேங்காய் மேல் வெறுப்பு வந்தால் பிழைப்பது கஷ்டம். மீன் குழம்பில் அதுதான், பக்கத்து வீட்டு வங்காளிக்காரம்மா கொடுத்தனுப்புகிற இனிப்பில் அதுதான், தெருவில் காலை இடறுவதும் அதுதான். இருந்தாலும் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை.

சுகிர்தா என் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறாள். வீடு பத்துபஸ்தியில். விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரியர் ஆபீஸில் அவளுக்குப் பார்சல் பிரிக்கிற வேலை. மெயின்லேண்டிலிருந்து வருகிற மூட்டைகளை இறக்கி, ஏரியா வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். நான் ஜங்லிகாட்டில் ஜெர்சி தைத்து நம்பர் ஒட்டிக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். முழங்கால் போகிற வரைக்கும் நானும் அவளோடு ஒரே அணியில் ஹேண்ட்பால் ஆடினவள். நான் கோல் போடுகிறவள், அவள் கோலி.

ஹேண்ட்பால் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கால்பந்து கோலி பந்தைப் பிடிப்பாள். இதில் பிடிக்கவெல்லாம் நேரம் கிடையாது. எறிகிறவள் எகிறிக் குதித்து, முகத்துக்கு நேரே வந்து, கல்லெறிகிற மாதிரி எறிவாள். கோலி கையையும் காலையும் விரித்துக்கொண்டு உடம்பைக் குறுக்கே போட வேண்டும், அவ்வளவுதான். பந்து எங்கே படுகிறதோ அங்கே படட்டும். சுகிர்தாவின் தொடையில் எப்போதும் நாவல்பழக் கலரில் நாலைந்து இடம் கன்றிப்போயிருக்கும். ஒரு தரம் பயிற்சியில் நான் எறிந்த பந்து அவள் மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் வந்து நின்றாள். அவள் விலகிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் அணியில் அதை வைத்து அவளைக் கேலிகூடச் செய்வோம், லாரி வந்தாலும் இவள் ரோட்டில் விரித்துக்கொண்டு நிற்பாள் என்று.

அவள் கட்சால்காரி. சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் கொஞ்சம் பேரைக் கொண்டுவந்து, கட்சால் தீவில் அரசு ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள் அல்லவா, அந்த வழி. அம்மா அங்கம்மாவுக்குத் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடிவதற்கு முன் மரத்தைக் கீறி, சிரட்டையை மாட்டிவிட்டு வந்தால் பால் சொட்டும். பாலை ஊற்றி எடுத்த பிறகும் கீறலில் மிச்சம் காய்ந்து, நாடா மாதிரி மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் ஒட்டுப்பால். மறுநாள் அதை உரித்தெடுத்துச் சாக்கில் போட்டு நிறுத்துக் கொடுக்க வேண்டும். அதுவும் தோட்டத்துச் சொத்து. அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் போனால் தெரியும், அழுகின கருவாட்டை வெந்நீரில் போட்ட மாதிரி ஒரு நாற்றம்.

இந்த ஒட்டுப்பாலில் கொஞ்சத்தைத்தான் அங்கம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். வீட்டில் உட்கார்ந்து நாடா நாடாவாகச் சுற்றி இழுத்து, மகளுக்கு ஒரு பந்து செய்து கொடுப்பார். அது உருண்டையாக இருக்காது. ஒரு பக்கம் புடைத்து, ஒரு பக்கம் சப்பி இருக்கும். தரையில் அடித்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று செய்தவருக்கே தெரியாது. சுகிர்தா இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவில் நிற்பாள், மற்ற பிள்ளைகள் எறிவார்கள். அவள் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் கையில் அந்த நாற்றம் இருந்ததாம், பெஞ்சில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். இதை அவள் சிரித்துக்கொண்டு சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அவளுக்கு முதல் தடவை இந்திய அணியில் இடம் கிடைத்தபோது, மெயின்லேண்டிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கட்சாலுக்கே கப்பலேறிப் போனார். கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் ஹேண்ட்பால் சங்கச் செயலாளர் துரைசாமி. ரோடு, பாலம் எல்லாம் காண்டிராக்ட் எடுக்கிறவர். ஹேண்ட்பாலுக்கு எத்தனை பேர் என்று கேட்டால் இன்றைக்கும் யோசிப்பார். ஆனால் போட்டோவில் எங்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

தோட்டம் கொடுத்த லைன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு ஆடப் போகிற பெண்ணின் வீடு என்று தோட்டத்து அதிகாரியும் மரியாதைக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பத்திரிகைக்காரர் கேட்டார், "சின்ன வயசுல உங்க பொண்ணு எந்தப் பந்தை வெச்சு ஆடினா?" அங்கம்மா அதிகாரியைப் பார்த்தார். ஒரு காலத்தில் ஒட்டுப்பாலை மறைத்து எடுத்தார்கள் என்று ஒரு குடும்பத்தையே லைனை விட்டு இறக்கியிருக்கிறார்கள், அதைக் கண்ணால் பார்த்தவர் அங்கம்மா. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், குவார்ட்டர்ஸ் போனால் கட்சாலில் நிற்க ஒரு அடி நிலம் கிடையாது. வாசலில் ஒரு தென்னை மரம் நின்றது. "தேங்காங்க சார். எங்க மரத்துத் தேங்கா" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது: தேங்காயைத் தடுத்துப் பழகிய தீவுப் பெண். அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அப்பா எங்கே என்று கேட்டதற்கு அங்கம்மா பதில் சொல்லாமல் கடல் பக்கம் பார்த்தாராம். உடனே அப்பாவைச் சுனாமி கொண்டுபோய்விட்டது என்று எழுதிவிட்டார்கள். அந்த மனிதர் திருப்பூரில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். பேப்பரைப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட்டு, அப்படியே இருக்கட்டும், இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாராம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேங்காயை எவனாவது ஒரு பிள்ளை மேல் எறிவானா? எறிந்தால் பிள்ளை மிஞ்சுமா? சரி, மிஞ்சியது என்றே வைத்துக்கொள்வோம், தேங்காய் துள்ளுமா? தரையில் போட்டால் தொப்பென்று விழுந்து கிடக்கும். தென்னை மரத்தடியில் பிறந்து வளர்ந்த இத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. வாயைப் பிளந்து கேட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், ஷேர் செய்தார்கள். அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் குமட்டுகிறது.

இந்திய அணியோடு அவள் போன அந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் அவள் நின்று ஆடிய மேட்செல்லாம் தோல்விதான். தோல்வி என்றால் சின்னத் தோல்வி இல்லை. பந்து மழை மாதிரி வந்ததாக அவளே சொன்னாள். வெளிநாட்டுக்காரிகள் விரலில் பிசின் தடவிக்கொண்டு ஆடுவார்கள். பந்து கையில் ஒட்டும், விடும்போது பம்பரமாகச் சுழலும். எதிரணியில் ஒரு இடதுகைக்காரி இருந்தாள். மூலையிலிருந்து ஓடி வந்து, கோலிக்கு வெளியே போகிற மாதிரி ஒரு பந்தைத் தரையில் போடுவாள். பந்து தரையைத் தொட்டதும் சடாரென்று திரும்பி உள்ளே ஓடும். முதல் பந்து சுகிர்தாவின் காலுக்குப் பின்னால் உள்ளே போனது. அடுத்ததும் போனது. எதிரணி பெஞ்சில் சிரித்தார்களாம்.

"அப்பத்தான் ரூபாக்கா, எனக்கு மூக்குல ஒட்டுப்பால் நாத்தம் அடிச்சுச்சு" என்றாள் என்னிடம், ஊருக்குத் திரும்பி வந்த பிறகு. "அங்க எங்க ரப்பர்? ஆனா அடிச்சுச்சு. அட, இது நம்ம கோணப் பந்துதானேன்னு நெனச்சேன். அடுத்த வாட்டி அவ போட்டா பாரு, பந்து இந்தப் பக்கம் போவுது, நா அந்தப் பக்கம் காலப் போட்டேன். அவ்ளோதான், நின்னுருச்சு. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. அதுக்கப்புறம் அவ எம் பக்கம் அந்த ஷாட் போடவே இல்ல. இன்னொரு தடவ அவகிட்ட நிக்கணும்க்கா. முழு மேட்ச்சு."

அந்த மேட்சில் தடுத்தது அந்த ஒன்றை மட்டும் இல்லை. ஆனால் அவள் பேசுவது அந்த ஒன்றைத்தான். இந்தத் தீவில் அதைக் கேட்டவள் நான் ஒருத்தி. மற்றவர்கள் அவளைத் திரும்பத் திரும்ப மேடையில் ஏற்றினார்கள், சால்வை போர்த்தினார்கள், கையில் ஒரு தேங்காயைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒரு ஸ்கூலில் தேங்காய் வடிவத்தில் கேக் வெட்டினார்கள். துரைசாமி ஒவ்வொரு மேடையிலும் அதே கதையைச் சொல்வார், சுனாமி வருகிற இடத்தில் குரல் கம்மும். சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அடக்கம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். உண்மையைச் சொன்னால் அம்மாவின் வேலைக்கு ஆபத்து என்றுதான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அடுத்த சாம்பியன்ஷிப்புக்கு முகாம் அழைப்பு வந்தது. மெயின்லேண்டில் முகாம், அதில் தேறினால் வெளிநாடு. அந்த இடதுகைக்காரி இன்னும் ஆடுகிறாள் என்று சுகிர்தா போனில் தேடிப் பார்த்து எனக்குக் காட்டினாள். அன்றைக்கு அவள் பார்சல் மூட்டையைத் தூக்கிய வேகத்தைப் பார்த்துக் கூரியர் ஆபீஸ்காரரே பயந்துவிட்டாராம். ஆனால் தீவிலிருந்து யாரை அனுப்புவது என்று கடைசியாகச் சொல்ல வேண்டியவர் துரைசாமி. அவர் கையில் இன்னொரு கோலி இருந்தாள், அகிலா. துரைசாமியின் மனைவிக்குத் தங்கை மகள். நல்ல பெண்தான், ஆனால் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

துரைசாமி சுகிர்தாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். ஏசி அறையில் உட்கார வைத்து, ஃப்ரூட்டி கொடுத்தார்.

"என்னம்மா, சந்தோஷம்தானே? உன்ன வழியனுப்ப ஒரு ஃபங்ஷன் வெச்சிருக்கேன். டெல்லிலேர்ந்து பெரிய ஆபீசர் ஒருத்தர் வர்றாரு. சும்மா சால்வ போட்டா போதாது. லைவ் டெமோ ஒண்ணு பண்றோம்."

"என்னா சார் டெமோ?"

"கோல் போஸ்ட் நிறுத்திருவோம். நீ நில்லு. அம்மாவ கட்சால்லேர்ந்து வரவழைக்கிறேன், கப்பல் டிக்கெட்டெல்லாம் என் பொறுப்பு. அம்மா கையால தேங்காய எறியட்டும், நீ தடு. வீடியோ எடுக்கிறோம். பாக்கிறவன் அழுதுருவான்."

சுகிர்தா, "வேணாம் சார். நா போயி ஆடிட்டு வர்றேன். இது வேணாம்" என்றாள்.

துரைசாமிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அந்த ஆளிடம் எனக்குப் பிடிக்காதது. சிரித்துக்கொண்டே, பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரி, "பேட்டா, யோசிச்சுச் சொல்லு. கட்டாயம் ஒண்ணும் இல்ல. அகிலாவும் ரெடியாத்தான் இருக்கா" என்றார். என் பக்கம் திரும்பி, புது ஜெர்சி ஆர்டர் வருகிறது, கடையில் ஆள் இருக்கிறார்களா என்று விசாரித்தார். எனக்கு ஒரு பந்தை எடுத்து அவர் மூஞ்சியில் எறிய வேண்டும் போலிருந்தது. ஃப்ரூட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

நான்தான் சுகிர்தாவிடம் சொன்னேன், ஒரு தேங்காயைத் தடுத்துவிட்டுப் போய்த் தொலை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம், அப்புறம் விமானத்தில் ஏறு என்று. அவளும் சரி என்றாள்.

அங்கம்மா கப்பலில் வந்து இறங்கும்போது, வழியெல்லாம் வாந்தி எடுத்து, துவைத்துப் போட்ட துணி மாதிரி இருந்தார். பத்துபஸ்தி வீட்டில் கஞ்சி குடித்து, தூங்கி எழுந்த பிறகுதான் எதற்காக வரவழைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு முழுசாகத் தெரிந்தது. மகளுக்கு மாலை போடுவார்கள், அதைப் பார்க்க என்று நினைத்து வந்திருந்தார்.

"நா எம் புள்ள மேல தேங்கா எறியணுமா?"

"சும்மாதாம்மா. மெதுவா எறி. போட்டோக்கு" என்றாள் சுகிர்தா.

"நா அன்னிக்கு வாய்க்கு வந்தத சொன்னது. இன்னமுமா அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்க?"

கட்சாலில் அவருக்குப் பேப்பரும் கிடையாது, நெட்வொர்க்கும் கிடைத்தால்தான் உண்டு. மேடைகள், கேக், சால்வை எதுவும் அவருக்குத் தெரியாது. நான் போனில் இருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். எல்லாவற்றிலும் மகள் கையில் ஒரு தேங்காய். அங்கம்மா பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில், "போதும் ரூபா புள்ள, நிப்பாட்டு" என்றார்.

"நீ ஏண்டி சொல்லல, அது இல்ல ரப்பர்னு?" என்று மகளைக் கேட்டார்.

"சொன்னா ஒன்னைய லைன விட்டு எறக்கிருவாங்கன்னுதான்."

"எறக்குனா எறக்கட்டும்னு விட வேண்டியதுதானே."

"எறக்குனா எங்க போவ, திருப்பூருக்கா?"

அங்கம்மா மகளின் உள்ளங்கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அதில் கூரியர் ஆபீஸ் டேப் வாசனைதான் இருந்திருக்கும்.

விழா நாளன்று மண்டபத்துக்குள் நுழைந்தால், தரையில் கோல் போஸ்ட் நிற்கிறது. அதன் வலையை அவிழ்த்து மூலையில் சுருட்டிப் போட்டுவிட்டு, வலை இருக்க வேண்டிய இடத்தில் பிளெக்ஸ் பேனர் கட்டியிருக்கிறார்கள். பேனர் முழுக்கச் சுகிர்தாவின் முகம், ஓரத்தில் துரைசாமியின் முகம். அவள் முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். தட்டில் பட்டுத் துணி விரித்து ஒரு தேங்காய். உரிக்காத நெற்று. அதற்குத் தங்கக் கலர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இந்த ஊர் ஈரக் காற்றில் பெயிண்ட் என்றைக்கு ஒரே நாளில் காய்ந்திருக்கிறது? பக்கத்தில் போனால் பிசுபிசுத்தது, டர்பன்டைன் நாறியது. முன்வரிசையில் வழக்கமான முகங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் எப்போது வரும் என்று பின்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிகழ்ச்சியை நடத்தியவன் மகேஷ்குமார். துர்கா பூஜையானாலும், பொங்கல் விழாவானாலும், கல்யாண ரிசப்ஷனானாலும் இந்த ஊரில் மைக் அவன் கையில்தான். தமிழ்ப் பையன், ஆனால் மேடையில் ஹிந்திதான் பேசுவான். பெரிய ஆபீசர் நேரங்கழித்து வந்து உட்கார்ந்தார். மகேஷ்குமார் கதையை ஆரம்பித்தான். ரப்பர் காடு, ஏழைத் தாய், சுனாமி, தேங்காய். சுகிர்தா ஜெர்சியோடு கோலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் தைத்த ஜெர்சி அது.

"இப்போது அந்தத் தாயே தன் கையால்" என்று ஹிந்தியில் முழங்கிவிட்டு, மகேஷ்குமார் தேங்காய்த் தட்டை அங்கம்மாவிடம் நீட்டினான்.

அங்கம்மா தேங்காயைத் தொடவில்லை. அவன் கையிலிருந்த மைக்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதால அவ வெளையாடல. நா பொய் சொன்னது. ஒட்டுப்பால்லதான் பந்து கட்டிக் குடுத்தேன். தோட்டத்து ஒட்டுப்பாலு. நிறுக்கக் குடுக்காம முந்தானையில முடிஞ்சு எடுத்தாந்தேன்." டெல்லி ஆபீசருக்குத் தமிழ் புரியாது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் பக்கம் திரும்பி, தெரிந்த ஹிந்தியில் சொன்னார்: "நாரியல் நஹி சாப். ரப்பர். சர்க்கார் கா ரப்பர். மை சோரி கியா."

நான் திருடினேன் என்று அத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை சொல்கிறாள். இத்தனை நாளாகப் பயந்து பயந்து மறைத்ததை அந்த அம்மா போட்டு உடைத்துவிட்டார், இனி என்ன ஆகுமோ என்று நான் துரைசாமியைப் பார்த்தேன். துரைசாமி மகேஷ்குமாரைப் பார்த்தார். மகேஷ்குமார் மைக்கைப் பிடுங்கினான். தமிழில் சொன்னதும் அவனுக்குப் புரிந்தது, ஹிந்தியில் சொன்னதும் புரிந்தது. பயலுக்குக் கண் இமைக்கவில்லை.

"கேட்டீர்களா, தாய் என்ன சொல்கிறார்?" என்றான் ஹிந்தியில். "தேங்காயோடு அரசாங்கம் தந்த ரப்பரும் தன் மகளை ஆளாக்கியது என்கிறார். அரசாங்கத்துக்குத் தாயின் நன்றி. ஜோர்தார் தாலியா, பலமாகக் கை தட்டுங்கள்."

கைதட்டினார்கள். கூசாமல் கைதட்டினார்கள். முதல் இரண்டு வரிசையில் பாதிப் பேர் தமிழர்கள், அவர்களும் தட்டினார்கள். டெல்லி ஆபீசர் எழுந்து நின்று அங்கம்மாவைக் கும்பிட்டார். அங்கம்மா சுற்றிலும் பார்த்தார். தான் சொன்னது எங்கே போனது என்று தேடுகிற மாதிரி இருந்தது. ஒரு பெண் வந்து அவரைப் பிடித்து உட்கார வைத்துச் சால்வை போர்த்தினாள். இந்த ஊரில் திருட்டை ஒப்புக்கொண்டால்கூடச் சால்வைதான் போடுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

டெமோ மட்டும் பாக்கி இருந்தது. தாய் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், செயலாளரே எறிவார் என்று அறிவித்தார்கள். துரைசாமி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தேங்காயை எடுத்தார். பெயிண்ட் இரண்டு கையிலும் அப்பிக்கொண்டது, முகம் கொஞ்சம் சுருங்கியது, உடனே கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "ரெடியா பேட்டா?" என்றார்.

சுகிர்தா எப்போதும் போலக் கையை விரித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். கண் அம்மா மேல் இருந்தது. துரைசாமி கையைப் பின்னால் கொண்டுபோனார். தடுத்துத் தொலை, தடுத்துவிட்டு விமானம் ஏறு என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அவள் கையைக் கீழே போட்டாள். தேங்காய் வந்தது. ஒரு எட்டு விலகி நின்றாள்.

பேனரில் அவள் வாய் இருந்த இடத்தில் தேங்காய் இறங்கி, பிளெக்ஸைக் கிழித்துக்கொண்டு பின்னால் போய்த் தொப்பென்று விழுந்தது. துள்ளவில்லை. கிழிந்த துண்டு முன்னால் மடிந்து தொங்கியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். துரைசாமி தங்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், எதில் துடைப்பது என்று தெரியாமல். சுகிர்தா போய் அம்மா தோளிலிருந்த சால்வையை எடுத்து நாற்காலியில் மடித்து வைத்தாள். இருவரும் வெளியே நடந்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆட்டோவில் ஏறிய பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. துரைசாமி மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். "ஒத்தத் தேங்காடி. கைய நீட்டியிருந்தா முடிஞ்சது. இனி உன்ன அனுப்புவானா அந்தாளு? இதுக்கா இத்தன நாள் அடி வாங்கின?"

"அம்மா எல்லார் முன்னாலயும் உண்மைய சொல்லிருச்சுக்கா" என்றாள். "அதுக்கப்புறம் நா அந்தத் தேங்காயப் புடிச்சா, அம்மா சொன்னது பொய்யின்னு ஆயிரும்ல."

அங்கம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் பேப்பரில், அரசு ரப்பர் தந்த வீராங்கனை என்று போட்டிருந்தார்கள், தேங்காயும் ஓரமாக இருந்தது. தோட்டத்திலிருந்து அங்கம்மாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் பயந்ததெல்லாம் வீண். கட்சாலுக்குத் திரும்பிப் போனபோது, அந்தத் தலைப்பை வெட்டி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்களாம். முகாமுக்கு அகிலா போனாள். சுகிர்தாவுக்கு முழங்கை வலி என்று துரைசாமி எல்லோரிடமும் சொன்னார். கிளம்புவதற்கு முன் அகிலா என் கடைக்கு வந்து, அக்கா நான் கேட்கவில்லை என்று அழுதாள். நான் அவள் ஜெர்சிக்கு நம்பர் ஒட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

முகாமில் தேறி, அந்த இடதுகைக்காரியின் அணிக்கு எதிராக அகிலா நின்ற மேட்சை நாங்கள் ஒரு விடுமுறை மத்தியானம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். சுகிர்தா பார்க்க மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். அப்புறம் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து, தரையில் என் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. நம் கோலில் அகிலா. எதிரே அந்த இடதுகைக்காரி, கொஞ்சம் வயது ஏறியிருந்தது, முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். "அதே ஆளுதான்" என்றாள் சுகிர்தா.

இடதுகைக்காரி மூலையிலிருந்து ஓடி வந்தாள். எகிறினாள். பந்து வெளியே போகிற மாதிரி வந்து தரையைத் தொட்டது. அகிலா கண்ணை மூடிக்கொண்டு வெளிப்பக்கம் பாய்ந்தாள்.

என் பக்கத்தில் டம்ளர் பறந்தது. டீ சுவரெல்லாம் தெறித்தது. சுகிர்தாவின் வலது கால் முழுசாக நீண்டு கிடந்தது, சரியான பக்கத்தில். திரையில் பந்து உள்ளே போய்விட்டிருந்தது. அவள் காலை மெதுவாக மடக்கிக்கொண்டு, தரையைத் துடைக்கத் துணி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டாள்.